கட்டுநாயக்கவிலிருந்து கடற்கரை ஹோட்டல் வரை: விமான நிலைய வண்டியை முன்பதிவு செய்ய முழுமையான வழிகாட்டி

பெந்தோட்டை, ஹிக்கடுவை, உனவட்டுன, மிரிஸ்ஸ என்று இலங்கையின் தென்கரைக்கு விடுமுறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எயார்போர்ட்டிலிருந்து வண்டிக்கு எவ்வளவு வரும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு இருக்கின்றன: எந்தப் பாதையால் போகப் போகிறோம், சொல்கிற தொகைக்குள் என்னென்ன அடக்கம். இவை தெரியாமல் இரண்டு விலைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயனில்லை. மலிவாகச் சொன்னவர் காலி வீதியால், அதாவது காலி நகருக்குப் போகும் பழைய கரையோர வீதியால், ஐந்து மணித்தியாலம் ஓட்டிக்கொண்டு போகிறவராக இருக்கலாம்.

தொகையை நான் இங்கே எழுதவில்லை. இலங்கையில் எரிபொருள் விலை மாதாமாதம் மாறுகிறது, ஓட்டக் கூலியும் கூடவே மாறுகிறது. 2022 ஜூனில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாய்க்குப் போனதைப் பார்த்த சாரதிகள் யாரும் மூன்று மாதத்துக்கு முன்பே விலையைக் கட்டிச் சொல்ல விரும்புவதில்லை. விலை எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்துகொண்டால் போதும், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

முதல் படி: பாதையைப் புரிந்துகொள்ளுங்கள்

கட்டுநாயக்க விமான நிலையம் இருப்பது கொழும்புக்கு வடக்கே, ஏறத்தாழ 30 கிலோமீற்றரில். நீங்கள் போகும் கடற்கரையோ கொழும்புக்குத் தெற்கே. எப்படிப் போனாலும் கொழும்பைத் தாண்டியாக வேண்டும். முன்பெல்லாம் நகரத்துக்குள் புகுந்து, வெள்ளவத்தை, தெஹிவளை, மொரட்டுவை என்று காலி வீதி நெரிசலில் ஊர்ந்துதான் போக வேண்டும். இப்போது மூன்று அதிவேகப் பாதைகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. 2013 இல் திறந்த கொழும்பு–கட்டுநாயக்க பாதையில் ஏறி, கெரவலப்பிட்டியவில் வெளிச்சுற்றுப் பாதைக்கு மாறி, கடவத்தை, கடுவெல தாண்டி, கொட்டாவையில் தெற்கு அதிவேகப் பாதையைப் பிடிக்கலாம். கெரவலப்பிட்டிய–கடவத்தை துண்டு 2019 நவம்பரில் திறந்த பிறகுதான் இந்தத் தொடர்ச்சி முழுமையானது. அன்றிலிருந்து கொழும்பின் ஒரு கலர் லைட்டிலும் நிற்காமல் மாத்தறை வரை போய்விடலாம்.

உங்கள் ஹோட்டலுக்கு அதிவேகப் பாதையின் எந்த வெளியேறும் வாசலில் இறங்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருங்கள். பேருவளை, அளுத்கம, பெந்தோட்டைக்கு வெலிப்பன்ன. ஹிக்கடுவைக்குப் பத்தேகம. காலி, உனவட்டுனவுக்குப் பின்னதூவ. வெலிகம, மிரிஸ்ஸவுக்குக் கொக்மாதுவ. தொலைபேசியில் "வெலிப்பன்னயால்தானே இறங்குவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பாதை தெரிந்த ஆள் என்று மற்றவருக்கு உடனே விளங்கிவிடும். பேசும் தொனியே மாறும்.

ஹைவேயால் போனால் பெந்தோட்டைக்குச் சுமார் இரண்டு மணித்தியாலம், உனவட்டுனவுக்கு இரண்டரை, மிரிஸ்ஸவுக்கு மூன்றுக்குக் கொஞ்சம் குறைய. காலி வீதியால் போனால் பகலில் ஏறக்குறைய இரட்டிப்பு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்பது உண்மைதான், ஆனால் இரவு விமானத்தில் தூங்காமல் வந்து இறங்கும் குடும்பத்துக்கு அந்தக் கடல் தேவைப்படாது. அதை மறுநாள் ஹோட்டல் வாசலிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

உங்களுக்குத் தனி வண்டி வேண்டுமா?

எல்லோருக்கும் வேண்டியதில்லை. நீர்கொழும்பில் தங்குகிறீர்கள் என்றால் அது விமான நிலையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர்தான். பிக்மீ அல்லது ஊபர் செயலியில், இல்லாவிட்டால் வருகை மண்டபத்து டாக்ஸி கவுண்டரில் அப்போதைக்கு அப்போது பிடித்துக்கொண்டு போகலாம்.

தனியாக, ஒரு முதுகுப்பையோடு, பகலில் வந்து இறங்குகிறவருக்கு பஸ் போதும். கொழும்புக்குப் போய், அங்கிருந்து கொட்டாவைக்குப் பக்கத்திலுள்ள மாகும்புர பஸ் நிலையத்துக்குப் போனால், காலிக்கும் மாத்தறைக்கும் ஹைவே பஸ் ஓடுகிறது. கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்திலிருந்து கரையோர ரயிலும் உண்டு, ஜன்னலோரம் கிடைத்தால் அழகான பயணம். பெரிய சூட்கேஸோடு மட்டும் ஏறாதீர்கள்.

பிள்ளைகள், வயதானவர்கள், நாலைந்து பொதிகள், நள்ளிரவு விமானம் – இவற்றில் ஏதாவது இரண்டு சேர்ந்தால் முன்பதிவு செய்துவிடுங்கள். சென்னையிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வரும் விமானங்களில் பல இறங்குவதே ஊர் உறங்கும் நேரத்தில்தான்.

யாரிடம் பதிவு செய்வது?

ஹோட்டலிடமே கேட்பது முதல் வழி. பெரும்பாலும் கூடுதல் விலை சொல்வார்கள், டொலரில் சொல்வார்கள். ஆனால் விமானம் தாமதமானாலும் வண்டி வராவிட்டாலும் பொறுப்பாகப் பதில் சொல்ல ஒரு வரவேற்பு மேசை இருக்கிறது. முதல் தடவை வருகிறவர்களுக்கு, அதிலும் நடுச்சாமத்தில் இறங்குகிறவர்களுக்கு, அந்தக் கூடுதல் காசு வீண் இல்லை என்பது என் அபிப்பிராயம். ஹோட்டலுக்கு எழுதும்போது "உங்கள் வண்டியா, வெளி வண்டியா" என்று கேளுங்கள். சிறிய விருந்தினர் இல்லங்களில் உரிமையாளரின் மச்சானோ பக்கத்து வீட்டுக்காரரோதான் வருவார். அது பெரும்பாலும் நல்ல விஷயம்தான், விலையும் குறையும்.

இரண்டாவது, இணையத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபர் தளங்கள். விலை முன்கூட்டியே தெரியும், அட்டையில் கட்டலாம், பெரும்பாலும் ஒரு நாளுக்கு முன் ரத்து செய்தால் பணம் திரும்பும். ஆனால் அந்தத் தளம் வேலையை உள்ளூர் நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்கும், அது ஒரு சாரதிக்குக் கொடுக்கும். நீங்கள் எழுதிய "குழந்தை இருக்கை வேண்டும்" என்ற குறிப்பு அந்தச் சாரதி வரை போய்ச் சேராமல் நடுவில் எங்காவது நின்றுவிடும். பயணத்துக்கு முதல் நாள் சாரதியின் எண் கைக்கு வந்ததும் எல்லாவற்றையும் அவரிடமே நேரடியாகத் திரும்பச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, வட்ஸ்அப்பில் ஒரு சாரதி. தெரிந்தவர்கள் கைமாற்றித் தரும் எண். இலங்கைக்கு அடிக்கடி வருகிறவர்கள் எல்லோரிடமும் இப்படி ஓர் ஆள் இருப்பார். விலை குறைவாகக் கிடைப்பதும் இங்கேதான். அது ஏன் என்று தெரிந்தால் பேரம் பேசவும் வரும். மிரிஸ்ஸவில் இருக்கும் சாரதி உங்களை ஏற்றப் போக விமான நிலையம் வரை வெறும் வண்டியாக வர வேண்டும். நீர்கொழும்பில் இருப்பவர் உங்களை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்ப வேண்டும். அந்த வெறும் ஓட்டத்தின் எரிபொருளும் உங்கள் தலையில்தான். ஆனால் அதே நாள் ஒருவரை விமான நிலையத்தில் இறக்கிவிட்டுத் தெற்கே திரும்பப் போகிற சாரதி கிடைத்தால் கதை வேறு. "அன்றைக்கு எயார்போர்ட்டுக்கு வேற ஹயர் ஏதாவது இருக்கா? ரிட்டன் ஹயராப் போகலாமா?" என்று கேளுங்கள் (ஹயர் என்றால் வாடகை ஓட்டம்). நேரத்தில் ஒரு மணி முன்பின் விட்டுக்கொடுக்க முடிந்தால் விலை நன்றாக இறங்கும்.

செயலிகளை நீண்ட தூரத்துக்கு நான் நம்புவதில்லை. நகரத்துக்குள் அருமையானவை. 150 கிலோமீற்றர் என்று கண்டதும் சில சாரதிகள் அழைத்து, ஹைவே காசு தனி, திரும்பிவரும் காசு தனி என்று பேசத் தொடங்குவார்கள். அதிகாலை இரண்டு மணிக்கு விமான நிலைய வாசலில் நின்று அந்தப் பேரத்தை நடத்த யாருக்குத் தெம்பு இருக்கும்?

வண்டியின் அளவு

ஆட்களை எண்ணாதீர்கள், பொதிகளை எண்ணுங்கள். இலங்கையில் மலிவாகக் கிடைக்கும் வாடகை வண்டி வேகன் ஆர் போன்ற சின்னக் கார். அதில் நாலு பேர் வசதியாக உட்காரலாம். பின்னால் பெரிய சூட்கேஸ் ஒன்று வைத்தால் அடுத்ததற்கு இடமில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் குடும்பம் ஒன்று நாலு பெரிய பொதியோடு அப்படியொரு காருக்கு முன்னால் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சாரதி ஒரு சூட்கேஸை முன் இருக்கையில் நிறுத்தி பெல்ட் போட்டுவிட்டு, மற்றதைத் தூக்கி அம்மாவின் மடியில் வைக்கப் பார்த்தார். கடைசியில் இரண்டாவது வண்டி எடுத்தார்கள், இரண்டு வண்டிக்கும் முழுக் காசு.

இரண்டு பேர், இரண்டு பெரிய பொதி என்றால் அக்ஸியோ அல்லது பிரியஸ் அளவு கார். மூன்று பேருக்கு மேல், ஆளுக்கொரு பொதி என்றால் வான். டொயோட்டா ஹயஸ் வானை இங்கே எல்லோரும் கேடிஎச் என்றுதான் சொல்வார்கள். "கேடிஎச், ஹை ரூஃப்" என்று கேட்டால் நிமிர்ந்து உட்காரலாம். ஒன்பது இருக்கை என்று சொல்லும் வானில் பொதிகளையும் வைத்தால் ஆறு பேருக்குத்தான் சரியாக இருக்கும். சர்ஃப் போர்ட் கொண்டு வருகிறவர்கள் அதன் நீளத்தை எழுதி அனுப்புங்கள்.

குழந்தை இருக்கை இங்கே தானாக வராது. பலரிடம் இருக்காது. அவசியம் என்றால் பதிவு செய்யும்போதே கேட்டு, அதன் படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். பின் இருக்கை பெல்ட்கள் வேலை செய்கின்றனவா என்றும் கேளுங்கள். சில வண்டிகளில் இருக்கை உறைக்கு அடியில் கொக்கி புதைந்துபோயிருக்கும், அதிவேகப் பாதையில் 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

தேதி

அதிகமானவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். உங்கள் விமானம் 15ஆம் திகதி 00:40க்கு இறங்குகிறது என்றால் உங்கள் மனதில் அது "14ஆம் திகதி இரவு". சாரதிக்கு "15 இரவு" என்று சொன்னால் அவர் ஒரு நாள் கழித்து வந்து நிற்பார். "14ஆம் திகதி சனி இரவு நித்திரைக்குப் போய், விடிவதற்குள், அதாவது 15 ஞாயிறு அதிகாலை 12:40" என்று கிழமையோடு சேர்த்து எழுதுங்கள். கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும், பரவாயில்லை.

சித்திரைப் புத்தாண்டு வாரத்தில் சாரதிகள் தங்கள் ஊர்களுக்குப் போய்விடுவார்கள். ஏப்ரல் 12, 13, 14 தேதிகளில் வண்டி வேண்டுமென்றால் ஒரு மாதத்துக்கு முன்பே பிடித்து வையுங்கள், சொன்ன விலையைக் கொடுங்கள். நத்தார் முதல் புதுவருஷம் வரை தென்கரைக்கு உச்சப் பருவம், அப்போதும் அப்படித்தான். போயா தினம் (முழுநிலா நாள் விடுமுறை) வெள்ளிக்கோ திங்களுக்கோ வந்து நீண்ட விடுமுறையாகிவிட்டால் கொட்டாவைப் பக்கம் நெரிசல் அதிகம். அன்று ஒரு மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள்.

எழுத்தில் வாங்குங்கள்

தொலைபேசியில் எவ்வளவு பேசினாலும் கடைசியில் ஒரே ஒரு செய்தி எழுதி அனுப்பி, அதற்கு "ஓகே" வாங்கிக்கொள்ளுங்கள். குரல் பதிவு வேண்டாம், அதைத் தேடி எடுப்பது கஷ்டம். தென்பகுதிச் சாரதிகள் பெரும்பாலும் சிங்களம் பேசுகிறவர்கள். எளிய ஆங்கிலத்தில் எழுதினால் புரிந்துகொள்வார்கள். செய்தியில் இருக்க வேண்டியது ஏறத்தாழ இப்படி:

"15 ஞாயிறு அதிகாலை 12:40, விமான இலக்கம் இது. பெரியவர் மூவர், பிள்ளை ஒன்று, பெரிய பொதி நாலு. கேடிஎச் ஹை ரூஃப், ஏசியுடன். பெந்தோட்டையில் இந்த ஹோட்டல் (வரைபட இணைப்பு). முழுவதும் ஹைவே, வெலிப்பன்னயால் இறங்குவது. மொத்தம் இவ்வளவு ரூபாய். ஹைவே கட்டணம், பார்க்கிங், இரவுக் கட்டணம், காத்திருப்பு எல்லாம் உட்பட. விமானம் தாமதித்தால் இரண்டு மணித்தியாலம் வரை மேலதிகக் காசு இல்லை. பணம் ஹோட்டலில் இறங்கியதும்."

அந்தக் "எல்லாம் உட்பட" என்ற வரிதான் முக்கியம். ஹைவே கட்டணம் தூரத்தையும் வண்டியின் வகையையும் பொறுத்து மாறும். வெளியேறும் வாசலில் சாரதி திரும்பி உங்களைப் பார்ப்பதைத் தவிர்க்க இதை முன்பே தீர்த்துவிட வேண்டும். ரூபாயில் பேசினால் ரூபாயில், டொலரில் பேசினால் டொலரில் கொடுங்கள். நடுவில் மாற்றினால் யார் சொல்லும் மாற்று விலை என்று தகராறு வரும்.

முற்பணம் கேட்டால்? ஹோட்டல் என்றால் சரி. தனிச் சாரதி முழுத் தொகையையும் முன்பே கேட்டால் வேறு ஆளைப் பாருங்கள். உச்சப் பருவத்தில் சிறு முற்பணம் கேட்பது வழக்கம்தான்.

காத்திருப்பு நேரம் எப்போது தொடங்குகிறது என்றும் கேட்டுவிடுங்கள். இறங்கும் நேரத்திலிருந்தா, நீங்கள் வெளியே வரும் நேரத்திலிருந்தா? ஒரே நேரத்தில் மூன்று விமானம் இறங்கினால் குடிவரவு வரிசையிலேயே ஒரு மணித்தியாலம் போகும்.

இறங்கிய பிறகு

குடிவரவு தாண்டியதும் தீர்வையற்ற கடைகள் வரும். சொக்லேட், போத்தல்களோடு குளிர்சாதனப் பெட்டியும் வாஷிங் மெஷினும் விற்கும் வருகை மண்டபம் இது; வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கானது, நீங்கள் நேராக நடங்கள். பொதி எடுத்து, சுங்கம் தாண்டி வெளியே வந்தால் வங்கிக் கவுண்டர்கள், சிம் விற்கும் கவுண்டர்கள், டாக்ஸி கவுண்டர்கள் வரிசையாக இருக்கும். உள்ளூர் சிம் இங்கேயே எடுங்கள், அது வேலை செய்கிறதா என்று சாரதிக்கே அழைத்துப் பாருங்கள். வழிக்கும் டிப்ஸுக்கும் கொஞ்சம் ரூபாய் மாற்றிக்கொள்ளுங்கள்.

பெயர்ப் பலகையோடு நிற்பவர்கள் கூட்டமாக இருப்பார்கள். உங்கள் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. தமிழ்ப் பெயர்கள் அந்தப் பலகைகளில் படாதபாடு படும். சாரதியின் படமும் வண்டி இலக்கமும் முன்பே வாங்கி வைத்தால் தேட வேண்டியதில்லை. "உங்கள் சாரதி வரமாட்டார், நான் கூட்டிப் போகிறேன்" என்று யாராவது வந்தால் சிரித்துவிட்டு உங்கள் சாரதிக்கு அழையுங்கள். பலகை பிடித்திருப்பவர் உங்கள் பெயரைச் சொல்லட்டும். நீங்களாக முந்திச் சொல்லாதீர்கள்.

ஆளைக் காணவில்லை என்றால் உள்ளேயே இருங்கள். பதினைந்து நிமிடம், இரண்டு அழைப்பு, ஒரு செய்தி. பதில் இல்லையென்றால் டாக்ஸி கவுண்டரில் ஹைவே கட்டணம் உட்பட எவ்வளவு என்று கேட்டு, ரசீது வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். விடியும்வரை ஒருவருக்காகக் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

வழியில்

ஹைவேயில் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. தெற்குப் பாதையில் வெலிப்பன்னயில் உணவுக்கடைகளும் கழிப்பறையும் உள்ள தரிப்பிடம் இருக்கிறது. பிள்ளைகள் இருந்தால் விமான நிலையத்திலேயே கழிப்பறைக்குக் கூட்டிப்போய்விட்டு வண்டியில் ஏறுங்கள்.

இரவில் சாரதி கொட்டாவி விட்டால் தயங்காமல் தரிப்பிடத்தில் நிறுத்தச் சொல்லி, ஒரு பிளேன்டீ (பால் சேர்க்காத தேநீர்) வாங்கிக் கொடுங்கள். அந்த மனிதர் பகல் முழுக்க வேறு ஓட்டம் ஓடிவிட்டு வந்திருக்கலாம்.

பகல் பயணத்தில் "ஒரு ஸ்பைஸ் கார்டன் பார்த்துவிட்டுப் போவோமா, ஒரு இரத்தினக்கல் கடை இருக்கு" என்று அழைப்பு வரும். அங்கே சாரதிக்குக் கமிஷன் உண்டு. பார்க்க ஆசை என்றால் போங்கள், இல்லையென்றால் "நேரா ஹோட்டல்" என்று சொல்லுங்கள், கோபிக்க மாட்டார். உண்மையிலேயே நிறுத்த விரும்பினால், காலி வீதிப் பக்கம் பலப்பிட்டியவில் மாது கங்கைப் படகுச் சவாரியும் அம்பலாங்கொடையில் முகமூடிகளும் இருக்கின்றன. அதற்கான நேரத்தையும் காசையும் பதிவு செய்யும்போதே பேசுங்கள்.

கடைசி ஒரு கிலோமீற்றரில்தான் வண்டிகள் சிக்கிக்கொள்ளும். உனவட்டுனவின் ஒழுங்கைகளில் கேடிஎச் திரும்புவது பெரும்பாடு. பெந்தோட்டையில் ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் சில ஹோட்டல்களுக்குப் படகில்தான் கூட்டிப்போவார்கள். வண்டி எந்தத் துறையில் நிற்க வேண்டும், இரவில் படகு உண்டா என்று ஹோட்டலிடம் கேட்டு வையுங்கள்.

கிழக்குக் கரைக்குப் போகிறவர்களுக்கு

மே முதல் செப்ரெம்பர் வரை தெற்கில் கடல் கொந்தளிக்கும், கிழக்கு அமைதியாக இருக்கும். அப்போது நிலாவெளி, உப்புவெளி, பாசிக்குடா, அறுகம்பைக்குப் போவார்கள். அது வேறு கணக்கு. நிலாவெளிக்கும் பாசிக்குடாவுக்கும் ஐந்து, ஆறு மணித்தியாலம், குருநாகல், தம்புள்ளை, ஹபரணை வழியாக. அறுகம்பைக்கு அதைவிடக் கூட. பலர் இப்போது தெற்கு ஹைவேயால் மத்தளை வரை போய், வெல்லவாய, மொனராகலையால் பொத்துவிலுக்கு ஏறுகிறார்கள்.

இந்தப் பயணங்களை இரவில் வைக்காதீர்கள். ஹபரணையிலிருந்து கந்தளாய்ப் பக்கமும் பொலன்னறுவைப் பக்கமும் போகும் வீதிகளில் இருட்டிய பிறகு யானைகள் ஏறி நிற்கும். விளக்கு வெளிச்சத்தில் அந்தச் சாம்பல் உருவம் கடைசி நேரத்தில்தான் தெரியும். நள்ளிரவில் இறங்கினால் நீர்கொழும்பில் ஓர் அறை எடுத்துத் தூங்கிவிட்டு, காலை ஆறு மணிக்குப் புறப்படுங்கள்.

ஒரு வசதி: திருகோணமலையிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ சாரதியைப் பிடித்தால் தமிழிலேயே எல்லாம் பேசி முடிக்கலாம். "அண்ணை, ஹைவே காசு உங்களுடையதோ எங்களுடையதோ?" என்று நேரே கேட்கலாம். அவர் வெறும் வண்டியாக வரும் தூரம் அதிகம் என்பதால், அவருக்குக் கொழும்பு ஹயர் இருக்கும் நாளோடு உங்கள் நாளைப் பொருத்திப் பார்ப்பது இங்கே இன்னும் பலன் தரும்.

திரும்பும் ஓட்டம்

கொண்டுவந்து விட்ட சாரதி பிடித்திருந்தால் திரும்புவதற்கும் அவரையே அங்கேயே பேசிவிடுங்கள். இரண்டும் சேர்த்துக் கேட்டால் குறைப்பார். விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்பு வாசலில் நிற்க வேண்டும் என்று வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். முனையத்துக்குள் நுழையும்போதே எல்லாப் பொதிகளையும் ஸ்கேன் செய்வார்கள், இரவு நேரத்தில் அங்கேயும் வரிசை. மிரிஸ்ஸவிலிருந்து அதிகாலை மூன்று மணி விமானம் என்றால், மூன்று மணித்தியாலப் பயணமும் அரை மணி கைவசமும் சேர்த்து, முந்திய இரவு எட்டரைக்குள் வண்டி புறப்பட்டிருக்க வேண்டும்.

விடியற்காலையில் புறப்படும் பயணம் என்றால் சாரதி முதல் நாள் இரவே வந்து தங்குவது நல்லது. பெரிய ஹோட்டல்கள் பலவற்றில் சாரதிகளுக்கென்று படுக்கையும் சாப்பாடும் உண்டு. உங்கள் ஹோட்டலில் இருக்கிறதா என்று வரவேற்பு மேசையில் கேட்டு, அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் வண்டிக்குள்ளேயே படுத்துவிட்டு, தூக்கம் போதாமல் உங்களை ஏற்றிக்கொண்டு போவார்.